கோ-கியூ10: யூபிக்குவினோன் வாங்குவதா, யூபிக்குவினால் வாங்குவதா?

கோ-கியூ10 என்பது கோஎன்சைம் கியூ10, நம் செல்கள் ஆற்றல் தயாரிக்க உதவும் ஒரு பொருள்; சத்து மாத்திரையாகவும் விற்கிறார்கள். மருந்துக் கடையில் அதைக் கேட்டால் இப்போது இரண்டு வகை வருகிறது. ஒன்றின் அட்டையில் யூபிக்குவினோன் என்று இருக்கும், இன்னொன்றில் யூபிக்குவினால். இரண்டாவதற்குப் பெரும்பாலும் இரண்டு மடங்கு விலை, சில கம்பெனிகளில் அதற்கும் மேல். நடுவில் லைப்போசோமல், நானோ, மைட்டோகியூ என்று இன்னும் சில பெயர்கள். ஐம்பது வயதைத் தாண்டியவர்களும், அவர்களுக்கு வாங்கித் தர நினைக்கும் பிள்ளைகளும் கேட்கிற கேள்விகளை இங்கே எடுத்துக்கொண்டிருக்கிறேன்.

இரண்டும் வேறு வேறு பொருளா?

இல்லை. ஒரே மூலக்கூறின் இரண்டு நிலைகள். யூபிக்குவினோன் என்பது ஆக்சிஜனேற்றம் அடைந்த நிலை. அதோடு இரண்டு எலக்ட்ரானும் இரண்டு புரோட்டானும் சேர்ந்தால் யூபிக்குவினால். அவற்றைக் கொடுத்துவிட்டால் மறுபடியும் யூபிக்குவினோன். நம் செல்களுக்குள் இந்த மாற்றம் முன்னும் பின்னுமாக ஓயாமல் நடந்துகொண்டே இருக்கிறது.

செல்லுக்குள் ஆற்றல் தயாரிக்கும் கூடமான மைட்டோகாண்ட்ரியாவின் உள்சவ்வில் ஒரு புரதக் கூட்டத்திடமிருந்து எலக்ட்ரானை வாங்கி அடுத்த கூட்டத்திடம் சேர்ப்பதுதான் இதன் முதல் வேலை. உணவிலிருந்து ஏடிபி என்ற ஆற்றல் மூலக்கூறு உருவாக இது இல்லாமல் முடியாது. 1957-ல் அமெரிக்காவின் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் ஃபிரெடரிக் கிரேன் என்பவர் மாட்டு இதயத்தின் மைட்டோகாண்ட்ரியாவிலிருந்து இதைப் பிரித்தெடுத்தார். அடுத்த ஆண்டே மெர்க் மருந்து நிறுவனத்தில் கார்ல் ஃபோல்கர்ஸ் குழு இதன் வேதியியல் அமைப்பைக் கண்டுபிடித்தது. செல்லில் ஆற்றல் எப்படி உருவாகிறது என்பதை விளக்கியதற்காக பீட்டர் மிட்செலுக்கு 1978-ல் வேதியியல் நோபல் கிடைத்தது. அந்த விளக்கத்தில் இந்த மூலக்கூறுக்கு முக்கியமான இடம் உண்டு.

இரண்டாவது வேலைதான் விளம்பரங்களில் வருகிற ஆன்டிஆக்சிடன்ட் வேலை. செல் சவ்வுகளிலும் ரத்தத்தில் கொழுப்பைச் சுமந்து செல்லும் துகள்களிலும் இருந்துகொண்டு, கொழுப்பு ஆக்சிஜனேற்றம் அடைவதைத் தடுக்கிறது. வேலை செய்து களைத்துப்போன வைட்டமின் ஈ-யைப் பழைய நிலைக்குக் கொண்டு வரவும் உதவுகிறது. இதையெல்லாம் செய்வது யூபிக்குவினால் நிலையில் இருக்கும்போது மட்டுமே. அந்த ஒரு உண்மையைப் பிடித்துக்கொண்டுதான் விலை கூடிய டப்பாவை விற்கிறார்கள்.

வயதானால் இது உடம்பில் குறைகிறதா?

குறைகிறது. 1989-ல் வெளியான ஓர் ஆய்வு பல வயதினரின் உறுப்புத் திசுக்களை அளந்து பார்த்தது. இதயத்தில் இதன் அளவு 20 வயதை ஒட்டி உச்சத்தில் இருந்தது. 80 வயதில் அதில் பாதிகூட இல்லை. விளம்பரங்களில் வரும் இறங்குமுக வரைபடம் பெரும்பாலும் இந்த ஆய்விலிருந்து வந்ததுதான்.

ஆனால் வயதாகும்போது தசையும் குறைகிறது, மைட்டோகாண்ட்ரியாவும் குறைகிறது. முதுமைக்குக் காரணமாக இது குறைகிறதா, அல்லது முதுமையின் விளைவாகக் குறைகிறதா என்பதை அந்த வரைபடம் சொல்லாது.

குறைந்ததை மாத்திரையால் நிரப்பினால் முதுமை தள்ளிப்போகாதா?

கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. டென்ஹாம் ஹார்மன் என்ற அமெரிக்க விஞ்ஞானி 1956-ல் சொன்னதும் கிட்டத்தட்ட இதுதான். சுவாசத்தின்போது உருவாகும் ஃப்ரீ ராடிக்கல்கள் என்ற நிலையில்லாத மூலக்கூறுகள் செல்லைச் சிறுகச் சிறுக அரிக்கின்றன, அந்தச் சேதம் சேர்ந்து சேர்ந்து முதுமையாகிறது என்றார். அப்படியானால் ஆன்டிஆக்சிடன்ட் கொடுத்தால் போதுமே என்று உலகமே கிளம்பியது.

கிளம்பிப் போய்ப் பட்டதும் கொஞ்சநஞ்சமில்லை. ஃபின்லாந்தில் புகைபிடிக்கும் ஆண்கள் 29,000-க்கும் மேற்பட்டவர்களிடம் பீட்டா கரோட்டினையும் வைட்டமின் ஈ-யையும் சோதித்தார்கள். 1994-ல் முடிவு வந்தபோது, பீட்டா கரோட்டின் எடுத்தவர்களுக்கு நுரையீரல் புற்றுநோய் 18 சதவீதம் கூடியிருந்தது. அமெரிக்காவில் நடந்த செலெக்ட் ஆய்வில் வைட்டமின் ஈ எடுத்த ஆண்களுக்கு புரோஸ்டேட் புற்றுநோய் 17 சதவீதம் கூடியதாக 2011-ல் அறிவித்தார்கள். ஜெர்மனியில் 2009-ல் வெளியான ஒரு சிறிய ஆய்வு இன்னும் சுவாரசியமானது. உடற்பயிற்சி செய்பவர்களுக்கு வைட்டமின் சி 1000 மி.கி.யும் வைட்டமின் ஈ 400 யூனிட்டும் தினம் கொடுத்தார்கள். பயிற்சியால் இன்சுலின் நன்றாக வேலை செய்ய வேண்டும் அல்லவா? மாத்திரை எடுத்தவர்களுக்கு அந்தப் பலன் கிடைக்காமல் போனது. பயிற்சியின்போது உருவாகும் கொஞ்சம் ஃப்ரீ ராடிக்கல்தான் உடலைச் சுதாரிக்க வைக்கும் சமிக்ஞை. அதை அணைத்துவிட்டால் உடல் எதற்காகச் சுதாரிக்க வேண்டும்?

இவை கோ-கியூ10 ஆய்வுகள் இல்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். கோ-கியூ10 இப்படி யாருக்கும் புற்றுநோயைக் கூட்டியதாகச் செய்தி இல்லை. இது உடலே தயாரித்துக்கொள்ளும் பொருள், வேலையும் வேறு. ஆனாலும் ஆன்டிஆக்சிடன்ட் என்ற ஒரு சொல்லை வைத்து ஒன்றை நல்லது என்று முடிவு கட்டிவிடக் கூடாது என்பதற்கு இவ்வளவு ஆதாரம் போதும். நோயில்லாத மனிதர்கள் கோ-கியூ10 சாப்பிட்டதால் அதிக நாள் வாழ்ந்தார்கள் என்று எந்தப் பெரிய ஆய்வும் காட்டவில்லை.

சுவீடனில் இதய மரணம் பாதியாகக் குறைந்ததாகச் சொல்கிறார்களே?

அந்த ஆய்வு உண்மையானது. கிசெல்-10 என்று பெயர். கிண்டா என்ற ஊரகப் பகுதியில் வசித்த, 70 முதல் 88 வயது வரையிலான 443 பேர் கலந்துகொண்டார்கள். ஒரு பாதிப் பேருக்கு நான்கு ஆண்டுகள் தினமும் 200 மி.கி. கோ-கியூ10-உம் 200 மைக்ரோகிராம் செலினியமும், மறு பாதிக்கு வெற்று மாத்திரை. 2013-ல் முடிவை வெளியிட்டார்கள். மருந்து எடுத்தவர்களில் 5.9 சதவீதம் பேரும், வெற்று மாத்திரை எடுத்தவர்களில் 12.6 சதவீதம் பேரும் இதய, ரத்தநாள நோயால் இறந்திருந்தார்கள்.

முதுமைக்கு கோ-கியூ10 என்று பேசுகிறவர்களிடம் இருக்கும் ஆகச் சிறந்த சான்று இதுதான். நான் இதை ஒதுக்கிவிட மாட்டேன். ஆனால் இரண்டு விஷயங்களைச் சேர்த்துப் படிக்க வேண்டும். கொடுத்தது கோ-கியூ10 மட்டும் இல்லை, செலினியமும் சேர்த்து. சுவீடன் மண்ணில் செலினியம் குறைவு, அதனால் அங்கே உணவிலும் குறைவு. பலன் எதனால் வந்தது என்று பிரித்துச் சொல்ல வழியில்லை. அப்புறம், 443 பேர் என்பது இவ்வளவு பெரிய முடிவைத் தாங்குவதற்குச் சிறிய எண்ணிக்கை. இன்னொரு நாட்டில், இன்னும் பெரிய கூட்டத்தில் அதே விளைவு வந்தால்தான் தைரியமாகப் பேசலாம்.

விற்பனையாளர் சொல்லாமல் விடும் மூன்றாவது விஷயம் ஒன்று உண்டு. அந்த ஆய்வில் கொடுத்தது விலை குறைந்த யூபிக்குவினோன்.

இதயம் பலவீனமாக இருப்பவர்களுக்கு?

இங்கேதான் கோ-கியூ10-க்கு ஓரளவு கால் ஊன்ற இடம் இருக்கிறது. ஜப்பானில் 1974-லேயே இதயச் செயலிழப்புக்குத் துணை மருந்தாக அனுமதித்தார்கள். 2014-ல் வெளியான கியூ-சிம்பியோ ஆய்வில் 420 நோயாளிகள். வழக்கமான இதய மருந்துகளோடு தினம் மூன்று வேளை 100 மி.கி. இரண்டு ஆண்டுகளில் மரணம், மருத்துவமனையில் அவசரமாகச் சேர்ப்பது போன்ற பெரிய பாதிப்புகள் மருந்து எடுத்தவர்களில் 15 சதவீதம், எடுக்காதவர்களில் 26 சதவீதம். 2021-ல், மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு எல்லா ஆய்வுகளையும் திரட்டிப் பார்த்து, இதயச் செயலிழப்பில் மரணத்தையும் மருத்துவமனை அனுமதியையும் இது குறைக்க வாய்ப்புண்டு என்று எழுதியது.

கியூ-சிம்பியோவிலும் யூபிக்குவினோன்தான். இன்னொன்றையும் கவனியுங்கள்: வழக்கமான மருந்துகளோடு சேர்த்துத்தான் கொடுத்தார்கள். இதை நம்பி இதய மருந்தை நிறுத்துவது ஆபத்து.

உடல் பயன்படுத்துவது யூபிக்குவினாலைத்தானே? நேராக அதையே சாப்பிட்டால் நல்லதில்லையா?

இந்தப் பக்கத்தில் அதிகம் கேட்கப்படுகிற கேள்வி இது. கொஞ்சம் நிதானமாகவே பார்ப்போம்.

ரத்தத்தில் ஓடும் கோ-கியூ10-இல் 95 சதவீதம் அளவுக்கு யூபிக்குவினாலாகத்தான் இருக்கிறது. அது சரி. ஆனால் நீங்கள் யூபிக்குவினோன் விழுங்கினாலும் ரத்தத்தில் அப்படித்தான் இருக்கும். குடல் சுவரின் செல்களுக்குள் நுழைந்ததும் அது யூபிக்குவினாலாக மாறி, நாம் சாப்பிட்ட கொழுப்போடு சேர்ந்து நிணநீர் வழியாக ரத்தத்துக்குப் போகிறது. மறுபக்கம், யூபிக்குவினாலாக விழுங்கியதில் ஒரு பகுதி வயிற்றிலும் குடலிலும் ஆக்சிஜனேற்றம் அடைந்து யூபிக்குவினோனாகிவிடக் கூடும். எப்படிப் போனாலும் சேருமிடம் ஒன்று. அங்கே போய்ச் சேர்ந்த பிறகும் மைட்டோகாண்ட்ரியா அதை இந்த நிலைக்கும் அந்த நிலைக்கும் மாற்றிக்கொண்டேதான் இருக்கும். அதன் வேலைக்கு இரண்டு நிலையும் தேவை.

ஆகவே உண்மையான கேள்வி ஒன்றுதான்: எது அதிகமாக உறிஞ்சப்படுகிறது?

இதில் ஆய்வுகள் இரண்டு பக்கமும் இருக்கின்றன. 2018-ல் வந்த ஒரு ஆய்வில் வயதான ஆண்கள் பத்துப் பேருக்கு இரண்டு வாரம் 200 மி.கி. வீதம் மாற்றி மாற்றிக் கொடுத்தார்கள். யூபிக்குவினால்தான் ரத்த அளவை நன்றாக உயர்த்தியது. அதற்கு முன்பு, இதயச் செயலிழப்பு முற்றிய ஏழு பேர் யூபிக்குவினோனிலிருந்து யூபிக்குவினாலுக்கு மாறியதும் ரத்த அளவு கூடியதாக 2008-ல் ஒரு பதிவு. அவர்களுக்குக் குடல் வீங்கி உறிஞ்சும் சக்தி குறைந்திருக்கும் என்பதால் அந்த முடிவை எல்லோருக்கும் பொருத்த முடியாது. மறுபக்கம் 2019-ல் ஸ்பெயினில் 14 இளைஞர்களிடம் ஏழு வகைத் தயாரிப்புகளை ஒவ்வொன்றாகக் கொடுத்துப் பார்த்தார்கள். முதலிடம் பிடித்தது எண்ணெயில் நன்றாகக் கரைத்த ஒரு யூபிக்குவினோன் கேப்சூல். யூபிக்குவினால் அதற்குப் பின்னால்தான் வந்தது.

முரண்பாடு மாதிரி தெரிந்தாலும் முரண்பாடு இல்லை. எந்தத் தயாரிப்பை எந்தத் தயாரிப்போடு ஒப்பிட்டார்கள் என்பதுதான் விஷயம். பொடியாக அடைத்த யூபிக்குவினோனோடு போட்டியிட்டால் யூபிக்குவினால் எளிதாக ஜெயிக்கும்.

அப்படியென்றால் எதைப் பார்த்து வாங்குவது?

எண்ணெயில் கரைந்திருக்கிறதா என்பதைப் பாருங்கள். அதற்குத்தான் முதல் மதிப்பெண்.

கோ-கியூ10 தண்ணீரில் கரையாது, கொழுப்பில் கரையும், மூலக்கூறும் பெரியது. போதாக்குறைக்கு, சும்மா விட்டால் படிகமாகக் கட்டிக்கொள்ளும். யூபிக்குவினோன் படிகம் உருக ஏறக்குறைய 48 டிகிரி வெப்பம் வேண்டும். நம் உடம்பு 37 டிகிரி. படிகமாக உள்ளே போனது படிகமாகவே வெளியே போவதற்கு நிறைய வாய்ப்பு. குடல் ஒற்றை மூலக்கூறுகளைத்தான் உறிஞ்சும், படிகத்தை உறிஞ்சாது. நான் சொன்ன 2019 ஆய்வில் இதை அப்பட்டமாகப் பார்க்கலாம். முதலிடம் பிடித்த தயாரிப்பில் எண்ணெய், அளவு எல்லாவற்றையும் அப்படியே வைத்து, படிகத்தை உடைக்கும் வெப்பப் பக்குவத்தை மட்டும் விட்டுவிட்டார்கள். உறிஞ்சப்பட்ட அளவு 75 சதவீதம் விழுந்தது! யூபிக்குவினோனா யூபிக்குவினாலா என்ற வேறுபாடு இதற்கு முன்னால் சின்னது.

ஆகவே கெட்டி மாத்திரை, பொடி அடைத்த கேப்சூல் இரண்டையும் தவிர்க்கலாம். உள்ளே எண்ணெய் உள்ள மென்மையான சாஃப்ட்ஜெல் வாங்குங்கள். அட்டையின் பின்பக்கம் என்ன எண்ணெய் சேர்த்திருக்கிறார்கள் என்று போட்டிருக்கும். எண்ணெய்ப் பெயரே இல்லாவிட்டால் யோசிக்கலாம்.

நம் ஊர் அட்டைகளில் இன்னும் சில சங்கதிகள். யூபிடெக்கரெனோன் என்று எழுதியிருந்தால் பயப்பட வேண்டாம், அது யூபிக்குவினோனின் மருந்தியல் பெயர். எல்-கார்னிட்டைன், லைக்கோபீன், ஒமேகா-3, துத்தநாகம் என்று பத்துப் பொருளைக் கலந்து கொடுக்கும் கூட்டு மாத்திரைகள் ஏராளம். அவற்றில் கோ-கியூ10 எத்தனை மி.கி. என்று தேடிப் பாருங்கள். 30 மி.கி. இருக்கும், சில சமயம் அதுவும் இருக்காது. பெயர் பெரிய எழுத்தில், அளவு பொடி எழுத்தில். உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 14 இலக்க உரிம எண் இருக்க வேண்டும். மருத்துவப் பயன்பாட்டுக்கு அல்ல என்ற வரியும் இருக்கும். அது சட்டப்படி போட வேண்டிய வரி, சரக்கு மோசம் என்று அர்த்தமில்லை. ஆனால் அந்த வரியைப் போட்டுவிட்டு அதே அட்டையில் நோய் தீர்க்கும் என்று எழுதியிருந்தால் அந்தக் கம்பெனியை விட்டுவிடுங்கள்.

40 வயதுக்கு மேல் யூபிக்குவினோனை மாற்றும் சக்தி உடம்புக்குப் போய்விடும் என்கிறார்களே?

போய்விடாது. அப்படிப் போனால் மூச்சுவிடுவதே நின்றுவிடும், ஏனென்றால் ஒவ்வொரு செல்லும் அதே மாற்றத்தை நம்பித்தான் ஆற்றல் தயாரிக்கிறது. வயதோடு கொஞ்சம் மந்தமாகலாம் என்பது வரை ஒப்புக்கொள்ளலாம். மேலே சொன்ன சுவீடன் ஆய்வில் 70, 80 வயதுக்காரர்கள் யூபிக்குவினோனைத்தான் சாப்பிட்டார்கள், அவர்கள் ரத்தத்தில் அளவு உயரவும் செய்தது.

அப்போது யூபிக்குவினால் யாருக்குமே வேண்டாமா?

அப்படியும் சொல்ல மாட்டேன். நல்ல யூபிக்குவினோன் சாஃப்ட்ஜெல் எடுத்தும் ரத்த அளவு ஏறாதவர்கள், குடல் நோயால் கொழுப்பு சரியாக உறிஞ்சப்படாதவர்கள், முற்றிய இதயச் செயலிழப்பு உள்ளவர்கள் ஆகியோருக்கு மருத்துவர் அதை எழுதினால் நியாயமுண்டு. பணம் ஒரு பொருட்டில்லை என்பவர்கள் எடுத்தாலும் கெடுதல் இல்லை. நடுத்தரக் குடும்பத்து ஓய்வூதியத்தில் மாதாமாதம் இரட்டை விலை கொடுக்கத் தக்க ஆதாரம் இல்லை என்பதுதான் என் கருத்து.

லைப்போசோமல், நானோ, நீரில் கரையும் வகை?

எல்லாமே அந்தப் படிகப் பிரச்சினைக்கான வெவ்வேறு தீர்வுகள். சில நன்றாகவே வேலை செய்கின்றன. ஆனால் குறிப்பிட்ட அந்தத் தயாரிப்பை மனிதர்களிடம் சோதித்து ரத்த அளவைக் காட்டியிருக்கிறார்களா என்று கேளுங்கள். பெயரை மட்டும் வைத்து விலை கொடுக்க வேண்டாம்.

மைட்டோகியூ என்பதும் கோ-கியூ10 தானா?

இல்லை, இது வேறு பொருள். நியூசிலாந்தின் ஒட்டாகோ பல்கலைக்கழகத்தில் மைக்கேல் மர்ஃபியும் ராபின் ஸ்மித்தும் 1990-களின் கடைசியில் உருவாக்கியது. கோ-கியூ10-இன் தலைப்பகுதியோடு நேர்மின்னூட்டம் உள்ள ஒரு தொகுதியை இணைத்தார்கள். மைட்டோகாண்ட்ரியாவின் உள்பக்கம் எதிர்மின்னூட்டமாக இருப்பதால் அது உள்ளே இழுக்கப்பட்டுப் பல மடங்கு சேர்கிறது. அதனால்தான் 10 மி.கி., 20 மி.கி. என்று சிறிய அளவில் விற்கிறார்கள். அதை 100 மி.கி. கோ-கியூ10-ஓடு எடை போட்டு ஒப்பிடக் கூடாது.

யோசனை அழகானது, ஒப்புக்கொள்கிறேன். 2018-ல் 60 வயது கடந்த 20 பேரிடம் ஆறு வாரம் சோதித்ததில் ரத்தக்குழாய் விரியும் தன்மை 42 சதவீதம் மேம்பட்டது. ஆனால் 20 பேர்தான், ஆறு வாரம்தான். பார்க்கின்சன் நோயாளிகள் 128 பேரிடம் ஓராண்டு கொடுத்துப் பார்த்த 2010-ஆம் ஆண்டு ஆய்வில் பலனில்லை. விலையும் எக்கச்சக்கம். இப்போதைக்கு வேடிக்கை பார்க்கலாம்.

ஐடெபினோன்?

அது செயற்கையாகத் தயாரித்த உறவுக்கார மூலக்கூறு. ஐரோப்பாவில் ஒரு அரிய பரம்பரைக் கண் நோய்க்கான மருந்து. முதுமைக்கான சத்து மாத்திரைப் பட்டியலில் அதற்கு வேலையில்லை.

நாங்கள் சைவம். சாப்பிடலாமா?

உள்ளே இருக்கும் கோ-கியூ10 இன்று பெரும்பாலும் ஈஸ்ட் போன்ற நுண்ணுயிர்களின் நொதித்தல் மூலம் தயாராவது, அதில் தடையில்லை. சிக்கல் மேல் உறையில். சாஃப்ட்ஜெல் பெரும்பாலும் ஜெலட்டினால் ஆனது, ஜெலட்டின் மாடு, பன்றி போன்றவற்றின் எலும்பிலும் தோலிலுமிருந்து வருவது. பச்சைக் குறியிட்ட, தாவர உறை சாஃப்ட்ஜெல்களும் கிடைக்கின்றன. ஆனால் சைவ கேப்சூல் என்று விற்கப்படுபவற்றில் பல, உள்ளே பொடி அடைத்த கெட்டி உறை வகை. உறையைப் பார்த்து வாங்கி எண்ணெயைக் கோட்டை விட்டுவிடாதீர்கள்.

எவ்வளவு, எப்போது?

ஆய்வுகளில் பொதுவாகப் பயன்படுத்தியது தினம் 100 முதல் 200 மி.கி., இதயச் செயலிழப்பில் 300 மி.கி. மதியச் சாப்பாட்டோடு எடுப்பது நல்லது. காலையில் வெறும் வயிற்றில் காபிக்கு முன் போட்டால் பாதிப் பணம் வீண், கூட வருகிற உணவில் கொழுப்பு இருக்க வேண்டும். 200 மி.கி. என்றால் ஒரே வேளையில் போடாமல் இரண்டாகப் பிரித்துக்கொள்ளுங்கள், உறிஞ்சப்படுவது கூடும். இரவு படுக்கும் நேரத்தில் வேண்டாம், சிலருக்குத் தூக்கம் கெடுகிறது. ரத்த அளவு நிலைபெற இரண்டு வாரமாவது ஆகும்.

அதிகம் எடுத்தால் அதிகப் பலன் என்பதும் இல்லை. பார்க்கின்சன் நோயாளிகள் 600 பேருக்கு தினம் 1200, 2400 மி.கி. என்று கொடுத்துப் பார்த்த அமெரிக்க ஆய்வின் முடிவு 2014-ல் வெளியானது, பலனில்லை.

கொலஸ்ட்ரால் மாத்திரை சாப்பிடுகிறேன். கட்டாயம் இதுவும் வேண்டும் என்கிறார்களே?

அடோர்வாஸ்டாட்டின், ரோசுவாஸ்டாட்டின் போன்ற ஸ்டாட்டின் மருந்துகள் கல்லீரலில் கொலஸ்ட்ரால் தயாராகும் பாதையை ஆரம்பத்திலேயே அடைக்கின்றன. கோ-கியூ10-இன் நீண்ட வால் பகுதியும் அதே பாதையிலிருந்துதான் கிளைக்கிறது. அதனால் ஸ்டாட்டின் எடுத்தால் ரத்தத்தில் கோ-கியூ10 குறையும். இதில் சந்தேகமில்லை. மெர்க் நிறுவனமே ஸ்டாட்டினையும் கோ-கியூ10-ஐயும் சேர்த்துக் கொடுக்கும் யோசனைக்கு 1990-ல் காப்புரிமை வாங்கி வைத்தது, அப்படி ஒரு மாத்திரையை விற்கவே இல்லை என்பது தனிக் கதை.

குறைவதால்தான் தசை வலி வருகிறதா, கொடுத்தால் வலி போகிறதா என்பதில்தான் தகராறு. சிறிய ஆய்வுகளைத் திரட்டிய 2015-ஆம் ஆண்டுத் தொகுப்பு பலனில்லை என்றது. 2018-ல் இன்னொரு தொகுப்பு வலி குறைகிறது என்றது. அமெரிக்க இதய அமைப்புகளின் 2018 வழிகாட்டுதல், ஸ்டாட்டின் எடுப்பவர்களுக்கு வழக்கமாக இதைத் தர வேண்டியதில்லை என்று சொல்கிறது. என் யோசனை இதுதான்: வலி இல்லையென்றால் வேண்டாம். வலி இருந்தால் முதலில் மருத்துவரிடம் சொல்லுங்கள், அளவைக் குறைக்கவோ மருந்தை மாற்றவோ வழியுண்டு. வைட்டமின் டி, தைராய்டு இரண்டையும் பார்க்கச் சொல்லலாம். அதற்குப் பிறகும் வலி இருந்தால் இரண்டு மூன்று மாதம் கோ-கியூ10 போட்டுப் பார்த்து, குறைந்தால் தொடரலாம், இல்லாவிட்டால் விட்டுவிடலாம். நீங்களாக ஸ்டாட்டினை நிறுத்திவிட்டு இதை மட்டும் போடாதீர்கள்.

பிரஷரும் குறையும் என்கிறார்களே?

2016-ல் காக்ரேன் தொகுப்பு, குறிப்பிடும்படியான குறைவு இல்லை என்றது. பிரஷர் மாத்திரைக்குப் பதிலாக எண்ணவே வேண்டாம்.

யார் கவனமாக இருக்க வேண்டும்?

முக்கியமாக வார்ஃபரின் எடுப்பவர்கள். கோ-கியூ10-இன் அமைப்பு வைட்டமின் கே-யை ஒத்திருப்பதால், ரத்தம் உறையாமல் தடுக்கும் அந்த மருந்தின் சக்தியைக் குறைக்கலாம். இதய வால்வு மாற்றியவர்களுக்கு இது விளையாட்டில்லை. தொடங்கினாலும் நிறுத்தினாலும், ரத்தம் எவ்வளவு வேகமாக உறைகிறது என்று காட்டும் ஐஎன்ஆர் பரிசோதனை செய்ய வேண்டும். கீமோதெரபி நடப்பவர்கள் புற்றுநோய் மருத்துவரைக் கேட்காமல் எந்த ஆன்டிஆக்சிடன்ட்டையும் தொடக் கூடாது. அறுவை சிகிச்சை வரப்போகிறது என்றால் மயக்க மருத்துவரிடம் இதையும் சேர்த்துச் சொல்லுங்கள். கர்ப்பிணிகளும் பாலூட்டுபவர்களும் மருத்துவர் எழுதினால் மட்டும்.

மற்றவர்களுக்குப் பெரிய பக்க விளைவு இல்லை. குமட்டல், வயிற்றுப் பொருமல், லேசான வயிற்றுப்போக்கு சிலருக்கு வரும். தினம் 1200 மி.கி. வரை பாதுகாப்பானது என்று கணக்கிட்டிருக்கிறார்கள், அவ்வளவு யாருக்கும் தேவையில்லை.

மாத்திரை இல்லாமல் சாப்பாட்டிலேயே கிடைக்காதா?

கிடைக்கும், கொஞ்சமாக. ஆடு, கோழியின் இதயம், ஈரல், மத்தி, அயிலை, நிலக்கடலை, சோயா எண்ணெய், கீரை. சராசரி உணவில் ஒரு நாளைக்கு 3 முதல் 6 மி.கி. சேரும் என்கிறார்கள். நிலக்கடலையில் இருந்து 100 மி.கி. எடுக்க வேண்டுமென்றால் மூன்று கிலோவுக்கு மேல் கொறிக்க வேண்டும். ஆனால் மீதியை உடம்பே தயாரித்துக்கொள்கிறது என்பதை மறந்துவிடக் கூடாது. வாரம் இரண்டு நாள் மத்திக் குழம்பு வைத்தால் ஒமேகா-3-உம் புரதமும் சேர்ந்து கிடைக்கும், மாத்திரையில் அது வராது.

ரத்தத்தில் அளந்து பார்க்கலாமா?

அளக்கலாம், பெரிய ஆய்வகங்களில் மட்டும். ஆனால் கோ-கியூ10 ரத்தத்தில் கொழுப்புத் துகள்களில் ஏறித்தான் போகிறது. கொலஸ்ட்ரால் அதிகமானால் இதுவும் அதிகமாகத் தெரியும். தசையிலும் இதயத்திலும் எவ்வளவு இருக்கிறது என்பதை ரத்தம் சரியாகச் சொல்லாது. ஆரோக்கியமாக இருப்பவர் இதற்குப் பணம் செலவழிக்க வேண்டாம்.

அமெரிக்காவிலிருந்து மகன் அனுப்பிய டப்பாவில் கேப்சூலின் நிறம் மாறியிருக்கிறது. போடலாமா?

யூபிக்குவினோன் என்றால் மஞ்சள் கலந்த ஆரஞ்சு நிறம் அதன் இயல்பு. யூபிக்குவினால் கிட்டத்தட்ட வெள்ளை. காற்றுப் பட்டால் ஆக்சிஜனேற்றம் அடைந்து ஆரஞ்சாகும், அதாவது யூபிக்குவினோனாக மாறும். விஷமாகிவிடாது. ஆனால் கூடுதல் விலை கொடுத்து வாங்கியதன் அர்த்தம் போயிற்று. சில கம்பெனிகள் உறைக்கே நிறம் போடுவதால், உள்ளே இருப்பதை வைத்துத்தான் சொல்ல முடியும்.

கேப்சூல்கள் ஒன்றோடொன்று ஒட்டிக் கிடந்தாலோ, எண்ணெய் கசிந்து சிக்கு வாடை அடித்தாலோ தூக்கிப் போட்டுவிடுங்கள். நம் ஊர் மே மாத வெயிலில் சமையலறை அலமாரியிலும் கார் டேஷ்போர்டிலும் வைக்கக் கூடாது. காற்றுப் புகாமல் மூடி, வீட்டில் குளிர்ச்சியான இருட்டு இடத்தில் வைத்தால் போதும். 200 கேப்சூல் உள்ள பெரிய புட்டியைவிட ஒவ்வொன்றாகப் பிரிக்கும் அட்டை நமக்கு நல்லது.

முகத்துக்குப் பூசும் கோ-கியூ10 கிரீம்?

சுருக்கம் லேசாகக் குறையலாம். வெயிலில் போகும்போது சன்ஸ்கிரீன் பூசினால் தோலுக்கு அதைவிட அதிகப் பலன், விலையும் குறைவு.

போடத் தொடங்கி நிறுத்தினால் ஏதாவது ஆகுமா?

ஒன்றும் ஆகாது. ஒன்றிரண்டு வாரத்தில் ரத்த அளவு பழைய இடத்துக்குத் திரும்பும். உடம்பு தன் பங்குக்குத் தயாரிப்பதை நிறுத்திவிடுவதில்லை. இதயச் செயலிழப்புக்காக மருத்துவர் எழுதிக் கொடுத்திருந்தால் மட்டும் அவரிடம் கேட்டுவிட்டு நிறுத்துங்கள். வார்ஃபரின் எடுப்பவர் என்றால் நிறுத்திய பிறகு ஐஎன்ஆர் பார்த்துக்கொள்ளுங்கள். மற்றவர்கள் மூன்று மாதம் போட்டும் ஒரு மாற்றமும் தெரியவில்லை என்றால் அடுத்த டப்பா வாங்க வேண்டியதில்லை.